ஏழாம் ஸ்தலத்தில் மரங்கள் இல்லை

நாற்பத்தொரு பேர் ஒரே நேரத்தில் பனியில் முழங்காலிட்டோம்.

சிலுவைப்பாதையின் ஆறாம் ஸ்தலம். என் மனைவியின் தமையன் செபமாலை ஆறடிச் சிலுவையை நிமிர்த்திப் பிடித்தபடி முன்னால் நின்றார். பக்கத்தில் ஃபாதர், இரண்டு ஜக்கெற்றுக்கு மேல் ஊதா அங்கியை மாட்டி, மூக்கு மட்டும் வெளியே தெரிய நின்றார். பின்னால் எங்கள் பங்கிலிருந்து வந்த சனம் முழுவதும், ஒருவர் குதியில் மற்றவர் மூக்கு முட்டுகிற நெருக்கத்தில். பாதைக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு பனி. இடது பக்கத்தில் மலை.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

‘வூம்ப்.’

பாரமான ஆள் ஒருவர் கட்டிலில் தொப்பென்று விழுந்தால் மெத்தைக்குள்ளிருந்து வரும் சத்தம். காதால் கேட்டதை விட முழங்காலால்தான் கூடக் கேட்டேன். நாங்கள் இருந்த நிலம் ஒரு விரலளவு கீழே இறங்கியது.

ஒருவரும் அசையவில்லை. பாட்டு நிற்கவில்லை. நான் மட்டும் துள்ளி எழும்பி, தவக்காலத்தில் ஒரு கத்தோலிக்கன் சொல்லக்கூடாத சொல் ஒன்றைச் சொல்லி, “எல்லாரும் திரும்பி ஓடுங்கோ!” என்று கத்தினேன்.

இரண்டு மூன்று பேர் தலையைத் திருப்பினார்கள். கத்தியது நான்தான் என்று கண்டதும் மறுபடி குனிந்துகொண்டார்கள்.

என் பிரச்சினை அதுதான்.

கத்துகிறவன்

நான் கத்துகிறவன். மறைக்க ஒன்றும் இல்லை. பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் கத்துவேன். பங்கு மண்டபத்தில் தேத்தண்ணி ஆறியிருந்தால் கத்துவேன். போன வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் கலியாண மண்டபங்களைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு, இதே கியூபெக்கில் புரோசார்டிலிருந்து ஒருவர் போன் எடுத்து, “எழுத்திலயும் கத்துறியள் அண்ணை” என்றார். ஓம், கத்துகிறேன். வாசித்தீர்தானே?

அந்த மலைப் பயணத்துக்கு முந்திய வருடம் ஒரு கிறிஸ்மஸ் ஒன்றுகூடலில், மண்டபக் கூரையில் பனி ஏறிவிட்டது, இடிந்து விழப்போகிறது என்று கத்தி, இருநூறு பேரை வெளியே அனுப்பினேன். கூரை விழவில்லை. இன்றைக்கும் அது அங்கேதான் நிற்கிறது. சனம் குளிருக்குள் நின்று கேக் சாப்பிட்டது. அதை ஒருவரும் மறக்கவில்லை. மறக்கத் தொடங்கினால் செபமாலை ஞாபகப்படுத்துவார்.

ஆகவே அந்த மலையில் நான் கத்தியபோது அந்தச் சனத்தின் காதில் விழுந்தது இன்னொரு கேக் கதை.

ஆனால் இந்த முறை நான் சும்மா கத்தவில்லை. அந்தச் சத்தத்தைப் பற்றி எனக்குப் படிப்பித்த ஒருவன் இருந்தான்.

மார்செலுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது

அப்போது நான் சென்ட் லோரன்டில் ஒரு ஜன்னல் தொழிற்சாலையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் மார்செல். கிழக்கே கஸ்பெசிக் கடற்கரையில் பிறந்தவன். கதவளவு ஆள். எங்களுக்குள் சிநேகிதம் கிடையாது. நான் கருவாட்டுக் குழம்பை மைக்ரோவேவில் சூடாக்கினால் அவன் போய் வெளிக்கதவைத் திறந்துவைப்பான். நான் போய்ச் சாத்துவேன். ஐந்து வருடமாக இதுதான் எங்களுடைய சம்பாஷணை.

ஒரு மாசிமாதக் காலையில், பனி வழிக்கிற மெசின்காரன் வாகனத் தரிப்பிடத்துப் பனி முழுவதையும் என் காருக்கு மேல் தள்ளிவிட்டுப் போயிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் பனி அள்ளுகிற சவளை எடுத்து என் காரை வெளியே எடுத்தேன். கோபம் அடங்கவில்லை. பக்கத்திலிருந்த காரையும் எடுத்தேன். பிறகு அதற்கடுத்த மூன்றையும். மார்செல் வாசலில் நின்று சிகரெட் குடித்தபடி என்னையும் தன் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கிட்ட வந்தான்.

“சனிக்கிழமை என்ன செய்கிறாய்?”

“ஏன்?”

“மலைக்கு வர ஒரு ஆள் வேண்டும். என் ஒன்றுவிட்ட தம்பி கலியாணம் கட்டிவிட்டான். இனி அவனை வெளியே விடமாட்டாள்.”

“எனக்குப் பனியில் சறுக்கத் தெரியாது.”

“சறுக்க நான் இருக்கிறேன். நீ தோண்டத்தான்.”

“எதை?”

“என்னை.”

பனிச்சரிவு ஒருவனை மூடினால் கால் மணித்தியாலத்துக்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எடுப்பது பெரும்பாலும் அடக்கம் செய்யத்தான். ஹெலிகொப்டர் வந்து காப்பாற்றுவதெல்லாம் தொலைக்காட்சியில். பக்கத்தில் நிற்கிறவனும் அவன் கையிலிருக்கிற சவளும்தான் உதவி. ஆகவே மலைக்குப் போகிறவனுக்குப் பிரியமான ஆள் தேவையில்லை, கெதியாகத் தோண்டுகிற ஆள்தான் தேவை.

வீட்டில் ரீற்றாவுக்குச் சொன்னேன். ரீற்றா என் மனைவி. ஒரு கார்டரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை. முப்பது குழந்தைகளை ஒரே குரலில் உட்காரவைக்கிறவள்.

“அப்ப உங்களைத் தோண்டுறது ஆர்?”

“மார்செல்.”

“உந்த ஐஞ்சு வருசமும் கோவமெண்டு சொன்ன மார்செலோ?”

“ஓம்.”

“தோண்டுவானோ, தாழ்ப்பானோ?”

ஆனாலும் போனேன். கோபம் வந்தால் வேறு எங்கேயும் வைக்க இடமில்லாதவனுக்கு, சவள் நல்ல இடம்.

பலகையும் சீனியும்

தமிழில் பனியைப் பற்றி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பஞ்சு என்பார்கள். வெள்ளைக் கம்பளம் என்பார்கள். தேவதையின் முந்தானை என்று ஒருவர் இதே பத்திரிகையில் எழுதினார். அவரை ஒருநாள் நிலம் வரைக்கும் ஒரு குழி வெட்டச் சொல்ல வேண்டும்.

மார்செல் முதல் நாளே என்னைக் குழி வெட்ட வைத்தான். என் கழுத்து வரைக்கும் ஆழம். பிறகு குழியின் சுவரை ஒரு பெயின்ற் பிறஷால் தட்டினான். அப்போதுதான் கண்டேன், பனி ஒரே பொருள் அல்ல. அந்தக் குளிர்காலம் முழுவதும் விழுந்தது அடுக்கடுக்காக அந்தச் சுவரில் இருந்தது. ஒரு அடுக்கில் என் மடக்கிய கை முழுவதும் போனது. அடுத்ததில் நாலு விரல். அதற்கடுத்ததில் ஒற்றை விரல். அதற்கும் கீழே பென்சில்கூட இறங்க மறுத்தது.

அடியில் நிலத்தோடு ஒட்டி இருந்ததுதான் எனக்குப் புதிது. அள்ளினால் விரலிடுக்கால் ஓடியது. பிடித்தால் உருண்டை ஆகவில்லை. தனித்தனி மணி. சீனி. அளவில்லாத குளிர் நாள்கணக்காக நின்றால் அடியில் இருக்கிற பனி இப்படிச் சீனியாகிவிடுமாம்.

“மேலே காற்று அடித்து இறுக்கிய பலகை, கீழே சீனி” என்றான் மார்செல். “சாய்ந்த மேசையில் சீனியைக் கொட்டி அதற்கு மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வை. என்ன நடக்கும்?”

கண்ணாடி வெட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

பிறகு குழிச் சுவரில் ஒரு தூணை வெட்டிப் பிரித்தான். அதற்கு மேல் சவளைக் குப்புற வைத்துத் தட்டினான். முதல் பத்துத் தட்டு மணிக்கட்டால். அடுத்த பத்து முழங்கையால். கடைசிப் பத்து தோளால். முப்பதுக்கும் தாங்கினால் ஓரளவு நல்லது. அன்றைக்கு முழங்கையால் தட்டிய இரண்டாவது தட்டிலேயே தூண் சீனிக்கு மேலால் வழுக்கி வந்தது, மேசைக்குள்ளிருந்து லாச்சி வெளியே இழுபடுகிற மாதிரி.

மார்செல் சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டான்.

“வீட்டுக்குப் போவோம்.”

“என்ன? ஒன்பது மணித்தியாலம் கார் ஓடி வந்தது குழி வெட்டிப் பார்க்கவா?”

“ஓம்.”

மலை முழுவதும் எதிரொலிக்கக் கத்தினேன். கத்தினால் பனி விழும் என்று படங்களில் காட்டுவது பொய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விழுந்திருக்க வேண்டும், விழவில்லை.

அவனோடு நாலு தரம் போனேன். இரண்டு தரம் சறுக்காமலே திரும்பினோம். போகப் போகக் குழி வெட்டுவதும் குறைந்தது. மலையே சொல்லும் என்பான். பக்கத்துச் சரிவு ஏற்கெனவே விழுந்து கிடக்கிறதா? காற்று புதுப் பனியை அள்ளிக்கொண்டுபோய் உச்சியில் தாவாரம் மாதிரிக் கட்டியிருக்கிறதா? குளிர் திடீரென்று உடைந்து வெயில் எறிக்கிறதா? காலுக்குக் கீழே வெடிப்பு ஓடுகிறதா? எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சத்தம். பலகையின் கீழே சீனி உடைந்து அமர்கிற சத்தம். அதைக் கேட்டால் யோசிக்கக்கூடாது, திரும்ப வேண்டும்.

கடந்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் மரங்களுக்குள் நின்று பார்க்க வேண்டும். நடுவில் நிற்கக்கூடாது. கூட்டமாகப் போகவே கூடாது.

இனி எங்கள் சிலுவைப்பாதைக்கு வருகிறேன்.

மச்சானின் கல்வாரி

மச்சான் செபமாலை பங்குச் சபைச் செயலாளர். அஹுன்ட்சிக்கில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறார். ஆயுள் காப்புறுதி விற்கிறவர். அன்றைக்கு மலைக்கு வந்த நாற்பத்தொரு பேரில் முப்பது பேருக்குக் காப்புறுதி எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அந்த ஒரு காரணத்துக்காவது அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் கோயிலுக்குக் கீழே உள்ள மண்டபத்தில் கதிரைகளைச் சுற்றிச் சிலுவைப்பாதை செய்வோம். அந்த வருடம் மச்சானுக்கு ஞானம் வந்தது. “கல்வாரி மலைதானே! மலையில செய்வம்” என்றார். கியூபெக் நகரத்தையும் தாண்டி, மலைகளுக்கு நடுவில், கன்னியாஸ்திரிகள் நடத்துகிற தியான வீடு ஒன்றைப் பிடித்தார். பங்குனிப் பள்ளி விடுமுறையில் பஸ் வைத்துப் போனோம்.

மச்சான் முதல் நாளே காரில் போய், வீட்டுக்குப் பின்னால் ஸ்கிடூ என்கிற பனி வண்டி ஓடிய தடத்தில் பதினாலு ஸ்தலங்களுக்கும் இலக்கப் பலகைகளை நட்டுவிட்டார். நான் காலமை எழும்பி ஜன்னலால் பார்த்தேன். ஏழாம் பலகை மட்டும் மலைக்குக் கீழே ஒரு பெரிய வெட்டவெளியில் நின்றது. இரண்டு பக்கமும் தடித்த காடு. நடுவில் உச்சியிலிருந்து அடிவரை, தலைக்கு மெசின் பிடித்த மாதிரி, ஒரு மரம் இல்லை. ஓரத்து மரங்களில் மலைப்பக்கக் கிளைகள் எல்லாம் முறிந்திருந்தன. உச்சியில் பனித் தாவாரம். அடுத்த மலையில் ஏற்கெனவே ஒரு சரிவு விழுந்து, உடைத்த சீமெந்து மாதிரிக் கட்டிக் கட்டியாகக் கிடந்தது. இரண்டு கிழமை கடும் குளிருக்குப் பிறகு புதன்கிழமை புயல் அடித்துப் பனி கொட்டியிருந்தது. அன்றைக்கு வெயில்.

மார்செல் சொன்ன ஒன்றும் பாக்கியில்லை.

சாப்பாட்டு மேசையில் மச்சானிடம் போனேன்.

“மச்சான், ஏழாம் பலகையை எடு. அந்த இடம் சரியில்லை.”

“ஏன்? வடிவான இடம். எல்லாரும் முழங்காலிட இடம் இருக்கு. போட்டோவுக்கும் நல்ல வெளிச்சம்.”

“ஏன் அங்கை மரமில்லை எண்டு யோசிச்சியோ?”

“கடவுள் எங்களுக்காக விட்டவர்.”

“மரத்தையெல்லாம் பனி அடிச்சுக்கொண்டு போட்டுது. விளங்குதோ? பனிச்சரிவு!”

“மச்சான்,” என்று என் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினார், “பனிச்சரிவு இமயமலையில. இது கியூபெக். நீ சிலுவை தூக்கக் கேட்டனி, சபை எனக்குத் தந்திட்டுது. அதுக்கு மலையில பிழை சொல்லாதை.”

சிலுவை தூக்க நான் கேட்டது உண்மை. சபை மறுத்ததும் உண்மை. தூக்கிக்கொண்டு யாரையாவது ஏசிவிடுவேன் என்று பயந்தார்களாம். ஆனால் இது அதற்காக இல்லை என்று எப்படி நிரூபிப்பது? கத்தித்தான் நிரூபிக்கப் பார்த்தேன். மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள்.

கடைசியாக ஃபாதரிடம் போனேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து நாலு மாதம். அதுதான் அவருடைய முதல் குளிர்காலம்.

“அண்ணே, எனக்கு இந்த ஊர்ல எல்லாமே ஆபத்தாத்தாங்க தெரியுது” என்றார். “கார் கதவு கூட கையில ஒட்டிக்குது. நீங்க இருக்கீங்கள்ல, பாத்துக்கலாம்.”

தொண்டை போய்விட்டது

ஆறாம் ஸ்தலம் காட்டின் ஓரத்தில். அங்கேதான் அந்தச் சத்தம்.

செபம் முடிந்தது. எல்லாரும் எழும்பினார்கள். மச்சான் சிலுவையோடு வெட்டவெளிக்குள் இறங்கினார். ஃபாதர் போனார். அவர்களுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், ரீற்றாவும் அதற்குள். மிச்சப் பேர் நெருக்கிக்கொண்டு பின்னால். நான் பாதையை விட்டு விலகி, பனியில் புதையாமல் காலில் கட்டிய ஸ்நோஷூவோடு விழுந்து எழும்பி, பக்கவாட்டில் ஓடிக்கொண்டே கத்தினேன். “போகாதேங்கோ! ஒராள் ஒராளா வாங்கோ! விசரங்களே, மலை வரப்போகுது!”

“மலை வருமோ? நாங்கள்தானே மலைக்கு வந்தனாங்கள்” என்று யாரோ பின்னால் சொல்ல, சிரிப்புக் கேட்டது. பாட்டை இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடினார்கள். என்னை அமத்துவதற்காக.

நான் ரீற்றாவைப் பிடித்தபோது என் தொண்டை போய்விட்டது. ஒரு சத்தமும் வரவில்லை. காற்றுத்தான் வந்தது. அந்தக் காற்றில் சொன்னேன்:

“இஞ்சரும் ரீற்றா. தயவு செய்து திரும்பி வாரும்.”

இருபது வருடத்தில் ‘தயவு செய்து’ என்று நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தரம். அவள் என் முகத்தைப் பார்த்தாள். குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

“ஐயோ! என்ரை மனுசனுக்கு நெஞ்சு! பிடியுங்கோ, என்ரை மனுசன் சாகப்போறார்!”

பாட்டு அறுந்தது. நாற்பது தலையும் ஒரே தரத்தில் திரும்பியது.

எனக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை. நான் மெல்லக் கதைத்ததைக் கேட்டு மாரடைப்பு என்று நினைத்துவிட்டாள் என்றுதான் எண்ணினேன். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். எடுத்துவிட்டு மூடினேன். பிறகு நெஞ்சில் கை வைத்துக் கொஞ்சம் வளைந்தேன்.

ஆனால் இப்போது இன்னொரு ஆபத்து. முழுச் சனமும் என்னைத் தூக்க ஓடி வந்துகொண்டிருந்தது. நான் நின்றதோ வெட்டவெளிக்குள். நாற்பது பேர் ஒரு ஆளைச் சுற்றி நின்று விசிறினால் மலைக்கு அதைவிட வேறு அழைப்பு வேண்டாம்.

ஆகவே ஓடினேன். மாரடைப்பு வந்த மனிதன் ஸ்நோஷூவோடு, நெஞ்சில் ஒரு கையும் வைத்துக்கொண்டு, காட்டுக்குள் ஓடினேன்.

“ஓடுறார்! வருத்தம் தலைக்கு ஏறீட்டுது, பிடியுங்கோ!” என்று ரீற்றா கத்தினாள். எல்லாரும் துரத்தினார்கள். என் வாழ்க்கையில் இத்தனை பேர் என் பின்னால் வந்தது அன்றைக்குத்தான். தடித்த பழைய மரங்களுக்குள், சரிவு ஒருநாளும் வந்து தொடாத இடமாகப் பார்த்து விழுந்தேன்.

வெளியே மச்சான் மட்டும் நின்றார். தனியாக, ஏழாம் பலகைக்குப் பக்கத்தில்.

“நடிப்பு!” என்று அங்கிருந்து கத்தினார். “மச்சான், நீ நடிக்கிறாய்!”

சரியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, ஆத்திரத்தில் சிலுவையின் அடியைப் பனியில் ஓங்கிக் குத்தினார். குத்திய இடத்திலிருந்து ஒரு வெடிப்புப் புறப்பட்டது. மரங்களுக்குள் இருந்து பார்த்தேன். மயிர் மாதிரி மெல்லியது. கண்ணாடியில் கல் பட்டால் ஓடுகிற மாதிரி, மலையை நோக்கி ஓடி ஒரு பஸ் நீளத்தில் நின்றது.

மச்சானும் அதைப் பார்த்தார். சிலுவையைப் பிடுங்கினார். முதலில் மரியாதையாக நடந்தார். பிறகு மரியாதை இல்லாமல் வந்தார்.

எண்ணெய் பூசியாகிவிட்டது

இதற்கிடையில் ஃபாதர் சட்டைப் பையிலிருந்து சிறிய போத்தல் ஒன்றை எடுத்து, என் நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசி, நோயாளருக்கான செபத்தைத் தொடங்கிவிட்டார். கண்ணில் தண்ணீரோடு செய்தார். முடியும்வரை நான் கண்ணை மூடிக் கிடந்தேன். பிறகு கண்ணைத் திறந்து ஆட்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. அதற்குப் பிறகுதான் எழும்பி இருந்தேன்.

“எனக்கு ஒண்டுமில்லை ஃபாதர். மலைக்குத்தான் வருத்தம்.”

அதற்குப் பிறகு நடந்ததை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. மச்சான் என்னை யூதாஸ் என்றார். இரண்டு கிழவிகள் மண்ணள்ளித் திட்டப் பார்த்து, மண் இல்லாததால் பனியை அள்ளித் திட்டினார்கள். “அங்கை வெடிச்சதைக் கண்டனிதானே?” என்று மச்சானைக் கேட்டேன். “சிலுவைப் பாரத்துக்கு வெடிச்சது” என்றார்.

மிச்ச எட்டு ஸ்தலங்களையும் வாகனத் தரிப்பிடத்தில் பஸ்ஸைச் சுற்றிச் செய்தோம். ஏழு, முன் பம்பரில். பத்து, எண்ணெய் ஊற்றுகிற மூடியில். கியூபெக்கார சாரதி சிகரெட்டோடு பார்த்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டாம் ஸ்தலத்தில் சிகரெட்டை அணைத்துத் தொப்பியைக் கழற்றி, அவனும் முழங்காலிட்டான். பதினாலாவது, பின் சில்லுக்குப் பக்கத்தில். அடக்கம் செய்கிற அந்த ஸ்தலத்தை மச்சான் என்னைப் பார்த்தபடியே வாசித்தார்.

விழாத மலை

இனி ஒரு வெட்கம் கெட்ட விஷயம். அந்த மலை விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஆளில்லாத நேரத்தில், சும்மா, நான் சரி என்று காட்ட.

ஒவ்வொரு திங்களும் வேலை இடைவேளையில் தியான வீட்டுக்குப் போன் எடுப்பேன்.

“போன்ஜூர் சிஸ்டர், மலை விழுந்துவிட்டதா?”

“இல்லை மொஸ்யு. மிகவும் அழகாக இருக்கிறது.”

நாலாவது திங்கள் அவர் எனக்காகச் செபிப்பதாகச் சொன்னார். சித்திரையில் அந்தப் பனி கரைந்து ஆற்றோடு போய்விட்டது. விழவே இல்லை. பங்கில் எனக்குப் பனிச்சரிவு என்று பெயர் வைத்தார்கள். மண்டபத்துக்குள் நுழைந்தால் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடிக் காட்டுவார்கள்.

மார்செலிடம் சொன்னேன். என் குழம்புக்காகக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“சரியாகத் திரும்பினால் இப்படித்தான் இருக்கும். ஒன்றும் நடக்காது” என்றான். “பிழையாகப் போனாலும் அநேகமாக ஒன்றும் நடக்காது. அதனால்தான் ஆட்கள் சாகிறார்கள்.”

“அப்ப நான் சரியா, பிழையா?”

“நாற்பத்தொரு பேர் என்றாயே. மலை மூடியிருந்தால் தோண்ட என்னிடம் இருப்பது ஒரு சவள்.” எழும்பி வேலைக்குப் போய்விட்டான்.

பாஸ்காவுக்கு முன் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய்யாக நோயில் பூசுதல் பெற்றது பெரிய பாவம் என்று ரீற்றா சொல்லியிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஃபாதர் கிட்டக் குனிந்தார்.

“அண்ணே, எனக்கும் ஒரு சத்தம் கேட்டுச்சுங்க.”

“என்ன! கேட்டதோ? பிறகேன் பேசாமல் நிண்டனீங்கள்?”

“காலைல இருந்து ஒருசந்தி. பட்டினியா இருந்தேன். என் வயிறுன்னு நெனச்சுட்டேன்.”

“நிலம் இறங்கிச்சுதே ஃபாதர், அதுவும் உங்கடை வயிறோ?”

“சத்தம் போடாதீங்க, வெளிய வரிசை நிக்குது. அபராதமா, ஒரு மாசம் யாரையும் பாத்துக் கத்தாம இருங்க.”

“வேறை ஏதும் தாங்கோ ஃபாதர்.”

பெருமூச்சு கேட்டது. “சரி. ஜெபமாலைய உருட்டி ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லுங்க.”

வீட்டுக்குப் போகும் வழி முழுக்கக் கொதித்தேன். ரீற்றா குசினியில் முட்டைக்கோவா வெட்டிக்கொண்டு நின்றாள். சப்பாத்தைக் கழற்றாமலே தொடங்கினேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாதது ஃபாதர்தான், நான் இல்லை.

“ஃபாதருக்கும் கேட்டதாம்! வயிறெண்டு நினைச்சவராம்! அவ்வளவு பேர் நிண்டு ஒருத்தருக்கும்...”

“எனக்கும் கேட்டது” என்றாள்.

கத்தி பலகையில் ஓடிக்கொண்டே இருந்தது.

“என்ன கேட்டது?”

“அந்தச் சத்தம். முழங்காலுக்குக் கீழை. மார்செல் சொன்னதெண்டு நீங்கள் ஒவ்வொரு தரமும் வந்து கத்துறனீங்கள்தானே, பலகை, சீனியெண்டு. நாலு தரம் கேட்ட எனக்கு விளங்காதோ?”

“அப்ப என்ரை நெஞ்சு?”

“உங்கடை நெஞ்சுக்கு என்ன? நீங்கள் கத்தினால் ஒருத்தரும் திரும்பமாட்டினம். நான் கத்தினால் திரும்புவினம். என்னத்துக்குத் திரும்புறதெண்டு ஒண்டு வேணுமே. உங்களைச் சாகக் குடுத்தன்.”

நான் அங்கேயே கதிரையில் இருந்துவிட்டேன்.

“இதை உம்மடை அண்ணையிட்டை ஏன் சொல்லேல்லை? இவ்வளவு நாளும் எனக்கு நெஞ்சைப் பிடிச்சுக் காட்டுறாங்கள். ஒரு வார்த்தை, நீர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்...”

அவள் கோவாவை வழித்துச் சட்டிக்குள் போட்டாள்.

“சொன்னால் நீங்கள் வெண்டிடுவியள். அடுத்த வருசம் அண்ணை உங்களுக்குக் காட்டுறதுக்கெண்டே அதே இடத்தில கொண்டுபோய் எல்லாரையும் முழங்காலிட வைப்பார். இப்ப அவர் தானாவே மண்டபத்துக்குள்ள செய்வமெண்டு சொல்லிப்போட்டார். மலையில உங்களை மாதிரி ஆக்களைக் கூட்டிக்கொண்டு போகேலாதாம்.” அடுப்பைக் கூட்டினாள். “சிரிக்கிறவை சிரிக்கட்டும். எல்லாரும் இருந்துதானே சிரிக்கினம். எழும்பிப் போய்க் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ.”

போனேன். பைப்பைத் திறந்தேன். சுடுதண்ணி வரவில்லை. மேல்மாடியில் இருக்கிற வீட்டுக்காரனுக்குக் கேட்கிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

மேலே அவன் நடக்கிற சத்தம் கேட்டது. நிற்காமல் நடந்துகொண்டிருந்தான்.

“விடுங்கோ,” என்றாள் ரீற்றா, கையைத் துடைத்துக்கொண்டே. “நான் கூப்பிடுறன்.”